செய்தி வந்தபோது எங்கே நின்றீர்கள்?

ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட செய்தியை எப்படி அறிந்தீர்கள் என்று யாழ்ப்பாணத்தில் ஐம்பதைத் தாண்டிய யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். பதில் சட்டென்று வரும். மின்சாரம் இல்லாத காலம், பற்றறிக்கும் தடை. சைக்கிள் பெடலை ஒருவர் சுற்ற, டைனமோவில் றேடியோ பாடும். அன்று சுற்றியது யார், பக்கத்தில் நின்றது யார் என்பதுவரை சொல்வார்கள். குண்டு வெடித்தது 1991 மே 21 இரவு 10.20 மணியளவில், ஸ்ரீபெரும்புதூரில். ஆகவே "அன்று பின்னேரச் செய்தியில் கேட்டேன்" என்று ஒருவர் அடித்துச் சொன்னால், அவர் கேட்டது மறுநாள் பின்னேரமாகத்தான் இருக்கும். அவர் பொய் சொல்லவில்லை. மனதில் படம் அப்படித்தான் ஓடுகிறது.

இந்த வகை நினைவுக்கு 'பிளாஷ்பல்ப் நினைவு' என்று பெயர் வைத்தவர்கள் ரோஜர் பிரவுன், ஜேம்ஸ் குலிக் என்ற இரு உளவியலாளர்கள். 1963இல் கென்னடி சுடப்பட்ட செய்தி வந்தபோது எங்கே, யாருடன் இருந்தோம் என்பதை அமெரிக்கர்கள் பல ஆண்டுகளுக்குப் பிறகும் துல்லியமாகச் சொன்னதைப் பார்த்து, அதிர்ச்சி நேரும் கணத்தை மூளை அப்படியே படம்பிடித்து வைக்கிறது என்று 1977இல் எழுதினார்கள்.

அந்தக் கருத்தில் பாதி சரி. பயமோ திகைப்போ வந்தால் உடலில் அட்ரினலின் ஏறும். மூளையின் உட்பகுதியில் இருக்கும் அமிக்டலா விழித்துக்கொண்டு, நினைவுகளைப் பதியும் ஹிப்போகாம்பஸை முடுக்கிவிடும். அதனால் நடந்ததன் சாரம் ஆழமாகப் பதிகிறது. ஆனால் எல்லாமே அதே அளவில் பதிவதில்லை. கவனம் செய்தியிலேயே ஒட்டிக்கொள்வதால், சுற்றியிருந்தவை மங்கலாகத்தான் உள்ளே போகின்றன.

மீதிப் பாதியைச் சோதித்தவர் உல்ரிக் நைசர். 1986 ஜனவரி 28இல் சலஞ்சர் விண்கலம் வெடித்தது. மறுநாள் காலையிலேயே நைசரும் நிக்கோல் ஹார்ஷும் 106 மாணவர்களிடம் செய்தி கேட்ட விதத்தை எழுதி வாங்கினார்கள். ஏறக்குறைய இரண்டரை ஆண்டுகள் கழித்து, அவர்களில் 44 பேரிடம் அதே கேள்விகள். 11 பேருடைய பதிலில் எதுவுமே பழைய தாளுடன் பொருந்தவில்லை. ஆனாலும் பலர் முழு நிச்சயத்தோடு பேசினார்கள். தங்கள் சொந்தக் கையெழுத்தைக் காட்டியபோதும் பழைய நினைவு மீண்டு வரவில்லை.

பிழை எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதுதான் எனக்குச் சுவையான இடம். முதல் நாள் எழுதியவர்களில் ரீவியில் அறிந்ததாகச் சொன்னவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். பிறகு கேட்டபோது அது பாதியை நெருங்கியது. உண்மையில் வகுப்பிலோ வழியிலோ யாரோ சொல்லிக் கேட்டிருப்பார்கள். அதன்பின் மணிக்கணக்காக ரீவி பார்த்திருப்பார்கள். அந்தக் காட்சிகள் கண்ணை நிறைப்பவை. ஒரு நண்பனின் வாய்வார்த்தைக்கு அந்தப் பலம் இல்லை. இரண்டாவதாகக் கேட்டது முதலாவதின் இடத்தில் ஏறி உட்கார்ந்துவிடுகிறது. ஒழுங்கையில் சைக்கிளில் போனவர் கத்திச் சொன்னதைவிட, எல்லோரும் றேடியோவைச் சுற்றி நின்ற காட்சிதான் கதையாகச் சொல்லவும் வசதி. சொல்லச் சொல்ல அதுவே உறுதியாகிவிடும்.

2001 செப்டம்பர் 12 அன்று டியூக் பல்கலைக்கழகத்தில் ஜெனிபர் தலாரிக்கோவும் டேவிட் ரூபினும் 54 மாணவர்களின் நினைவுகளைப் பதிவு செய்தார்கள்: முந்தைய நாள் நியூயோர்க் இரட்டைக் கோபுரத் தாக்குதலைக் கேட்ட நினைவு ஒன்று, அதே நாட்களின் சாதாரண நினைவு ஒன்று. இரண்டும் ஒரே வேகத்தில்தான் சிதைந்தன. வேறுபட்டது நம்பிக்கை மட்டும். தாக்குதல் நினைவு மட்டும் கூர்மையாக இருப்பதாகவே மாணவர்களுக்குத் தோன்றியது.

இதெல்லாம் தூரத்துச் செய்திகளுக்கு. 1995 ஒக்ரோபர் 30 இரவு யாழ்ப்பாணத்தைவிட்டு இடம்பெயர்ந்து நாவற்குழிப் பக்கம் நடந்தவர்களின் நினைவை இதே தராசில் வைக்கக் கூடாது. அது கேள்விப்பட்டதல்ல, காலில் பட்டது. நியூயோர்க்கிலும், கோபுரங்களுக்கு அருகில் நின்றவர்கள் அந்த நாளை நினைவுகூர்ந்தபோது அமிக்டலா கூடுதலாகச் செயற்பட்டதையும், சில மைல் தள்ளி நின்றவர்களிடம் அப்படி இல்லாததையும் மூளை ஸ்கேன் காட்டியது.

சரி, உங்கள் நினைவைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது: கடிகாரம். முதல் விமானம் மோதியது நியூயோர்க் நேரம் காலை 8.46. அன்று செவ்வாய்க்கிழமை. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் விட்டுப் பல மணித்தியாலம் ஆகியிருக்கும். எனவே "வகுப்பில் இருக்கும்போது கேட்டேன்" என்பவர் புதன்கிழமையைச் சொல்கிறார். இன்றைய நேர வித்தியாசத்தை வைத்துக் கணக்குப் பார்த்தால் மாலை 6.16 வரும், அதுவும் பிழை. 1996 ஒக்ரோபரிலிருந்து 2006 ஏப்ரல் வரை இலங்கைக் கடிகாரம் இந்தியாவைவிட அரை மணித்தியாலம் முன்னே ஓடியது. சரியான நேரம் 6.46.