‘மார்ஜின்’ என்றால் என்ன?

திருகோணமலை மத்திய வீதிக் கடைகளில் புதுச் சாமானோடு விற்பனைப் பிரதிநிதி வந்தால், “மார்ஜின் எவ்வளவு?” என்ற கேள்விதான் முந்தும். றாக்கையில் எது ஏறும், எது இறங்கும் என்பதை இந்தச் சொல்லே முடிவுசெய்கிறது.

இலத்தீனில் ‘மார்கோ’ என்றால் ஓரம், விளிம்பு. கொப்பித் தாளில் கோடு போட்டு விடும் ஓரத்துக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான். வியாபாரத்தில் அது விற்கும் விலையில் கிரயம், அதாவது வாங்கிய விலை, போக மிஞ்சுவதைக் குறிக்கும்.

80 ரூபாய்க்கு எடுத்து 100க்கு விற்றால் மிச்சம் 20 ரூபாய். விற்ற விலையில் அது நூற்றுக்கு 20, இதுதான் மார்ஜின். கிரயத்தில் நூற்றுக்கு 25, இது மார்க்அப். இரண்டையும் குழப்பினால் கணக்கு உதைக்கும். அதே சாமானில் நூற்றுக்கு 25 மார்ஜின் வேண்டுமென்றால் 106.67 ரூபாய்க்கு விற்க வேண்டும்.

மூதூர், கிண்ணியாப் பக்கத்து எருமைத் தயிரை எடுத்துப் பாருங்கள். சட்டி 400க்கு எடுத்து 500க்கு விற்பதாக வைப்போம். மார்ஜின் நூற்றுக்கு 20. பத்துச் சட்டியில் இரண்டு புளித்துப் போனாலோ உடைந்தாலோ கைக்கு வருவது 4,000. போட்ட முதலும் 4,000. இலாபம் பூச்சியம். குளிர்பெட்டியில் நாட்கணக்கில் நிற்கும் யோகட் கோப்பை, அதைவிடக் குறைந்த மார்ஜினிலும் கடைக்காரருக்குக் கட்டுப்படியாகும். மண்சட்டி நீரை உறிஞ்சி இறுகவைத்த நல்ல தயிர் கடையிலிருந்து மறைவது ருசி குறைந்ததால் அல்ல. இது உண்மையிலேயே கவலைக்குரியது.

பொதியின் நிறையிலும் இதே கணக்குத்தான். மாவும் எண்ணெயும் விலை ஏறும்போது, கடைக்காரரின் பங்கைத் தொட முடியாத உற்பத்தியாளர் பொதியின் நிறையில் கை வைக்கிறார். 200 ரூபாய்க்கு 100 கிராம் இருந்த பிஸ்கட் 85 கிராமானால், 100 கிராமின் விலை 235 ரூபாய் ஆகிவிடுகிறது. பொதியின் முன்பக்கத்தைப் பார்த்தால் இது பிடிபடாது. விலையை நிறையால் வகுத்து நூறால் பெருக்கிப் பாருங்கள்.

தமிழில் என்ன சொல்வது? ‘விளிம்பு’ நேர்ப் பொருள்தான், ஆனால் “விளிம்பு எவ்வளவு?” என்று எந்தக் கடையிலும் கேட்க முடியாது. ‘இலாப எல்லை’ என்றும் எழுதுகிறார்கள். ‘எல்லைச் செலவு’, ‘எல்லைப் பயன்பாடு’ என்று நம் பொருளியல் பாடத்தில் ‘எல்லை’க்கு வேறு வேலை இருப்பதால் அது குழப்பும். ‘ஊதியம்’ குறளில் (449) இலாபம். இன்று சம்பளம் ஆகிவிட்டது. ஆகவே மார்ஜினுக்கு ‘விற்பனை இலாப வீதம்’, மார்க்அப்புக்கு ‘கிரய இலாப வீதம்’ என்பதே தெளிவு. எதன் மேல் கணக்கிடுகிறோம் என்பது பெயரிலேயே இருக்கிறது. பேச்சுக்கு, “விலையில நூற்றுக்கு எவ்வளவு நிக்கும்?” போதும்.