ஆடிக்காற்றில் எரியும் கண்ணும் இமைக்குள் சுரக்கும் எண்ணெயும்

பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வீசும் காற்று பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றும், கண்ணீரையும் உலர்த்தும். ஆனால் ஒரே பனியன் கம்பெனியில், ஒரே பஞ்சுத் தூசில் இருக்கும் இருபது வயதுப் பெண்ணுக்கு ஒன்றும் ஆவதில்லை. செக்கிங் டேபிளில் நிற்கும் ஐம்பது வயது அக்காவுக்குத்தான் கண் கரகரக்கிறது, எரிகிறது, நீர் வடிகிறது. தூசு மட்டும் காரணமில்லை. ஹார்மோனும் சேர்ந்துகொள்கிறது.

மேல் இமையில் 25 முதல் 40 வரை, கீழ் இமையில் 20 முதல் 30 வரை மைபோமியன் சுரப்பிகள் உண்டு. இவை சுரக்கும் எண்ணெய்தான் கண்ணீர் ஆவியாகாமல் மூடிவைக்கிறது. இந்தச் சுரப்பிக்கு உத்தரவிடுவது ஆண்ட்ரோஜென் என்னும் ஆண் ஹார்மோன். பெண்கள் உடம்பிலும் அது ஊறுகிறது. சுரப்பியின் செல்லுக்குள் நுழைந்து, அங்கே ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி என்ற புரதத்தோடு இணைந்ததும், எண்ணெய் தயாரிக்கும் மரபணுக்களை முடுக்கிவிடுகிறது, அழற்சியைக் கிளப்பும் மரபணுக்கள் பலவற்றை அடக்குகிறது. புராஸ்டேட் புற்றுநோய்க்காக ஆண்ட்ரோஜெனைத் தடுக்கும் மருந்து எடுக்கும் ஆண்களிடமும் இந்த எண்ணெய் கெட்டுப்போவது காணப்பட்டிருக்கிறது.

வயது ஏற ஏற ஆண்ட்ரோஜென் குறையும். எண்ணெய் கெட்டியாகித் துவாரத்தை அடைக்கும். கண்ணீர் சீக்கிரம் ஆவியாகி, மிஞ்சியதில் உப்பு ஏறும். அந்த உப்பே கருவிழியின் மேற்பரப்புச் செல்களை உசுப்பி அழற்சிப் பொருள்களைச் சுரக்கவைக்கிறது. செல்கள் சேதமாக, கண்ணீர்ப்படலம் இன்னும் சீக்கிரம் உடைகிறது. நீர் வடிவது எரிச்சலுக்குக் கண் காட்டும் எதிர்வினைதான். அந்த நீரில் எண்ணெய் போதாது.

மாதவிடாய் நின்றதால் வந்தது, பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் மாத்திரை போட்டால் சரியாகும் என்று எண்ணத் தோன்றும். 2001-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், மாதவிடாய் நின்ற 25,000-க்கும் மேற்பட்ட பெண்களிடையே, ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தவர்களுக்குக் கண் உலர்வு வாய்ப்பு சுமார் 70 சதவீதம் அதிகமாக இருந்தது. கண்ணுக்காக அந்த மாத்திரையைத் தொடாதீர்கள்.

கெட்டிப்பட்ட எண்ணெயை இளக்குவது வீட்டிலேயே முடியும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை, 40 டிகிரி சூட்டில், மூடிய கண்மேல் 8 முதல் 10 நிமிடம் வைக்க வேண்டும். துணி இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும். மறுபடி நனைக்காவிட்டால் பலனில்லை, பலர் தவறுவது இங்கேதான். பிறகு சுத்தமான விரலால் மேல் இமையை மேலிருந்து கீழாகவும், கீழ் இமையைக் கீழிருந்து மேலாகவும் மெல்ல நீவுங்கள். கண்ணை அழுத்தக் கூடாது. எண்ணெய் பரவுவதால் சற்று நேரம் பார்வை மங்கலாம். காலை, மாலை எனச் சில வாரம் விடாமல் செய்ய வேண்டும். தையலிலோ செல்போனிலோ இருக்கும்போது இமைக்க மறக்கிறோம். முழுதாக மூடி இமைத்தால்தான் எண்ணெய் வெளியே வரும்.

மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து எங்களுக்குக் கவலை தருகிறது. ஸ்டீராய்டும் ஹார்மோன் வகைதான், நம் உடம்பே சுரக்கும் கார்டிசால் ஹார்மோனின் உறவு. அழற்சியை அடக்கி எரிச்சலைச் சீக்கிரம் குறைக்கும். தொடர்ந்து விட்டால் கண் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு கெடும், புரையும் வரும். கரும்புச் சோகையோ நெல் தாளோ கிழித்த கண்ணில் விட்டால் பூஞ்சை தடையின்றி வளரும். வலி, வெளிச்சம் பார்க்கக் கூசுதல், கருவிழியில் வெள்ளைப் புள்ளி, இவற்றில் எது தெரிந்தாலும் அன்றைக்கே கண் டாக்டரிடம் போக வேண்டும். விட்ட சொட்டு மருந்து பாட்டிலையும் கையோடு கொண்டுபோங்கள்.