பேஸ் பாக்ஸும் மண்டபத்து மாடிப்படியும்

கல்யாண ரிசப்ஷனுக்கு பேஸ் கிட்டார் வாசிக்கப் போகிறவர் மண்டபத்துக்குள் நுழைந்ததும் தேடுவது லிஃப்டைத்தான். மேடை முதல் மாடியில் இருக்கும், லிஃப்டில் சாம்பார் அண்டா போய்க்கொண்டிருக்கும், கீபோர்டுக்காரர் தோளில் பையை மாட்டிக்கொண்டு படியேறிவிடுவார், நாம் மட்டும் நாலு ஸ்பீக்கர் போட்ட பெட்டியோடு கீழே நின்று இன்னொரு பக்கம் பிடிக்கச் சொல்லி டிரம்மரைக் கெஞ்சிக்கொண்டிருப்போம். மறுநாள் காலை அதே பெட்டி சர்ச்சுக்குப் போக வேண்டும், அடுத்த வாரம் முப்பது பேர் உட்காரும் ஒரு கஃபேவுக்கு, அப்புறம் காலேஜ் கல்ச்சுரல்ஸில் திறந்தவெளி மேடைக்கு. இத்தனைக்கும் என்ன பெட்டி வாங்கலாம் என்று கடையில் கேட்டால் வாட் கணக்கில் ஆரம்பிப்பார்கள். வாட்டுக்குக் கடைசியில் வரலாம், முதலில் காற்று.

நாலு கம்பி பேஸில் தடித்த ஈ கம்பியை விரல் வைக்காமல் மீட்டினால் நொடிக்கு 41 முறை அதிர்கிறது. காற்றில் அந்த அலையின் நீளம் 8 மீட்டருக்கு மேல். ஐந்து கம்பிக்காரர்களின் பி கம்பி 31 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 31 அதிர்வு, என்பதால் 11 மீட்டர், ஏறக்குறைய ஒரு டவுன் பஸ் நீளம். பஸ் நீள அலையை ஒரு 10 இன்ச் காகிதக் கூம்பு கிளப்ப வேண்டும். கூம்பு முன்னால் தள்ளும்போது முன்பக்கக் காற்று அழுந்துகிறது, அதே கணத்தில் பின்பக்கத்தில் அழுத்தம் குறைகிறது. அலை இவ்வளவு நீளம் என்றால் முன்னால் அழுந்திய காற்று விளிம்பைச் சுற்றிக்கொண்டு பின்னால் ஓடி அந்தக் குறையை நிரப்பிவிடும், இரண்டும் கழிந்து போகும். ஸ்பீக்கரைப் பெட்டியிலிருந்து கழற்றி மேஜையில் வைத்து மெதுவாக வாசித்துப் பாருங்கள், ஏதோ கொசு பாடுகிற மாதிரி இருக்கும். பின்பக்க அலையை அடைத்து வைக்கத்தான் பெட்டியே.

அடைத்துவிட்டால் வேறு ஒரு தொல்லை. உள்ளே மாட்டிக்கொண்ட காற்று ஸ்பிரிங் மாதிரி வேலை செய்யும். பெட்டி சின்னதாக ஆக ஸ்பிரிங் விறைக்கும், கூம்பு மெதுவாக அசைய மறுக்கும், அடிச்சுரங்கள் தேயும். கே.எல்.எச். என்ற பழைய அமெரிக்க ஸ்பீக்கர் கம்பெனியின் பெயரில் இருக்கும் 'எச்' ஹோஃப்மன் என்பவர். அவர் பெயரால் ஒரு 'இரும்பு விதி' இருக்கிறது. ஆழமான பேஸ், சின்னப் பெட்டி, குறைந்த திறனிலேயே நிறைய சத்தம், இந்த மூன்றில் இரண்டைத்தான் எடுத்துக்கொள்ளலாம். எவ்வளவு கறாரான விதி என்றால், சத்தம் குறையாமல் ஒரு ஸ்தாயி கீழே, அதாவது பாதி அதிர்வுக்கு, இறங்க வேண்டுமானால் பெட்டியின் கொள்ளளவு எட்டு மடங்கு ஆக வேண்டும். பெட்டி அதே அளவில்தான் இருக்கும் என்று பிடிவாதம் பிடித்தால் ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப்ளிஃபயர், சுருக்கமாக ஆம்ப், எட்டு மடங்கு திறன் கொடுக்க வேண்டும். 'சின்னது, லேசு, ஆனா பூமியே அதிரும்' என்கிற விளம்பரத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த எட்டுதான் ஞாபகம் வரும்.

கொஞ்சம் ஏமாற்ற வழி இருக்கிறது. கடம் வாசிக்கிறவர் அதன் வாயை வயிற்றில் அழுத்தியும் விலக்கியும் தட்டும்போது அந்த 'கும்' மாறுவதைக் கேட்டிருப்பீர்கள். உள்ளே இருக்கும் காற்று ஸ்பிரிங், கழுத்தில் இருக்கும் காற்று அதில் மாட்டிய எடை, இரண்டும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட சுருதியில் ஆடும். 19ஆம் நூற்றாண்டில் இதைக் கணக்காக எழுதியவர் ஜெர்மானியர் ஹெல்ம்ஹோல்ட்ஸ். பேஸ் பெட்டியின் முகத்தில் இருக்கும் ஓட்டையும் அதன் பின்னால் இருக்கும் குழலும் இதே கடத்து வாய்தான். 45 ஹெர்ட்ஸுக்கு அதைச் சுருதி சேர்த்திருந்தால், அந்த இடத்தில் கூம்பு ஏறக்குறைய சும்மா நிற்க, ஓட்டைக் காற்றே சத்தத்தைக் கொடுக்கும். ஓட்டை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், எந்த ஸ்பீக்கருக்கு எத்தனை லிட்டர் என்பதெல்லாம் முன்பு தச்சர் கைராசி மாதிரி இருந்தது. 1961இல் ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் அதைச் சூத்திரமாக்கினார், சிட்னியில் ஆராய்ச்சி செய்த ரிச்சர்டு ஸ்மால் 1970களின் தொடக்கத்தில் விரித்து எழுதினார். இன்றைய பெட்டி எதுவானாலும் இவர்கள் கணக்கில்தான் பிறக்கிறது.

ஓட்டைக்கும் விலை உண்டு. மூடிய பெட்டியில் எல்லையைத் தாண்டிக் கீழே போனால் சத்தம் ஸ்தாயிக்கு 12 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) என்று சாவகாசமாக இறங்கும். ஓட்டைப் பெட்டியில் 24 டெசிபல், செங்குத்துப் படி. சுருதி சேர்த்த இடத்துக்குக் கீழே கூம்பைத் தாங்கிப் பிடிக்க உள்ளே ஸ்பிரிங் இல்லாதது போல ஆகிவிடும், அது கண்டபடி முன்னும் பின்னும் அடித்துக்கொள்ளும். பி கம்பியை ஓங்கி அடித்தபோது 'பர்ர்' என்று கேட்டால் காரணம் இதுதான்.

சரி, 41 ஹெர்ட்ஸ் அவ்வளவு அவசியமா? 1969இல் ஆம்பெக் என்ற அமெரிக்க ஆம்ப் கம்பெனி, ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் குழுவின் சுற்றுப்பயணக் காலத்தில் எஸ்.வி.டி. என்ற 300 வாட் வால்வ் ஆம்பையும், எட்டு 10 இன்ச் ஸ்பீக்கர் போட்ட மூடிய பெட்டியையும் கொண்டுவந்தது. 60 கிலோவைத் தாண்டும் அந்தப் பெட்டிக்கு உலகம் முழுக்க 'ஃப்ரிட்ஜ்' என்றுதான் பெயர். ராக் பேஸ் என்றால் இன்றும் பலர் மனதில் ஒலிப்பது அதுதான், ஆனால் அந்த ஃப்ரிட்ஜ் 41 ஹெர்ட்ஸுக்கு வருவதற்குள் நன்றாகவே தளர்ந்துவிடும். யாரும் குறை சொன்னதில்லை. கிட்டார் கம்பியின் அடிச்சுரத்தைவிட அதன் மேல் அடுக்குகள், அதாவது 82, 123 ஹெர்ட்ஸ் என்று போகிறவை, பெரும்பாலும் பலமாக இருக்கும். அந்த அடுக்குகளின் இடைவெளியைப் பார்த்துக் காணாமல் போன அடிச்சுரத்தை மூளையே போட்டுக்கொள்ளும். கைப்பேசியின் விரல்நுனி ஸ்பீக்கரில் பாட்டு கேட்கும்போதும் பேஸ் எங்கே போகிறது என்று நமக்குப் பிடிபடுகிறதே, அப்படி.

எனக்கு இது பெரிய விடுதலையாக இருந்தது. ரிசப்ஷனிலும் கல்ச்சுரல்ஸிலும் சவுண்ட் சர்வீஸ்காரர்கள் ஆம்பிலிருந்து நேரே ஒரு வயர் எடுத்து மிக்ஸருக்குக் கொண்டுபோய்விடுவார்கள். கூட்டத்தின் நெஞ்சை இடிக்கும் அடிச்சத்தம் அவர்களுடைய 18 இன்ச் சப் பெட்டிகளின் பொறுப்பு. நம் பெட்டி நமக்கும் டிரம்மருக்கும் கேட்டால் போதும். கஃபேயில் மட்டும் அது தனியாக நின்று வாசிக்கிறது, ஆனால் அங்கே இடம் சின்னது. சர்ச்சில் அதிகச் சத்தமே பிரச்சினை. ஆக, ஃப்ரிட்ஜ் தேவைப்படும் இடங்களில்தான் அதன் வேலையைச் செய்ய வேறு ஆள் இருக்கிறார்.

15 இன்ச் போட்டால்தான் ஆழம் வரும் என்ற நம்பிக்கை இன்னும் சாகவில்லை. ஆழத்தைத் தீர்மானிப்பது பெட்டியும் ஸ்பீக்கரும் சேர்ந்த சுருதி. விட்டம் தருவது தள்ளும் பரப்பு. ஒரு 10 இன்ச் கூம்பின் பரப்பு சுமார் 350 சதுர சென்டிமீட்டர், 15 இன்ச்சுக்கு சுமார் 850. நாலு பத்து சேர்ந்தால் 1,400. நல்ல ஓட்டைப் பெட்டியில் இருக்கும் இரண்டு பத்து, பழைய மூடிய பதினைந்தைவிடக் கீழே போகலாம்.

அதைவிட யாரும் கவனிக்காதது அடுக்கும் திசை. இரண்டு ஸ்பீக்கரைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால், ஓரத்தில் நிற்பவருக்கு ஒன்றின் அலை முன்னும் மற்றதன் அலை பின்னுமாக வந்து, விரல் பட்டுத் தெறிக்கும் அந்த நடு, மேல் சத்தங்கள் ஒன்றையொன்று தின்றுவிடும். நேர் எதிரே நிற்பவர் காது கிழியும், பாடகருக்கோ வெறும் 'ம்ம்ம்'. அதே இரண்டை மேலும் கீழுமாக நிறுத்தினால் சத்தம் அகலமாக விரியும், மேல் ஸ்பீக்கர் காதுக்கும் கொஞ்சம் கிட்டே வரும்.

இதனால்தான் நான் ஒரு பெரிய பெட்டிக்குப் பதிலாக ஒரே மாதிரி இரண்டு 12 இன்ச் பெட்டிகள் என்ற கட்சியில் சேர்ந்தேன். ஒவ்வொன்றும் 8 ஓம் மின்தடை. கஃபேக்கும் சர்ச்சுக்கும் ஒன்று, பெரிய மேடைக்கு ஒன்றின் மேல் ஒன்று. இரண்டையும் ஒரே ஆம்பில் இணையாக மாட்டினால் தடை பாதியாகி ஆம்ப் பார்ப்பது 4 ஓம். டிரான்சிஸ்டர் ஆம்ப் அப்போது கூடுதல் திறன் கொடுக்கும், பரப்பும் இரட்டிப்பாகும், அடிச்சத்தம் 6 டெசிபல் வரை ஏறும். ஒரே பெட்டியில் அந்த 6 டெசிபலுக்கு நாலு மடங்கு வாட் வேண்டும். ஆசைப்பட்டு 4 ஓம் பெட்டியாக வாங்கிவிட்டால் கதை முடிந்தது. இரண்டாவதைச் சேர்த்தால் 2 ஓம், பல ஆம்புகள் அதைத் தாங்காது. நியோடிமியம் காந்தம் போட்ட ஸ்பீக்கர் என்றால் எடை வெகுவாகக் குறையும், விலை வெகுவாக ஏறும். முதுகு யாருடையது என்று யோசித்துவிட்டு முடிவெடுங்கள். சொந்த வேன் வைத்திருப்பவரும், எல்லா இடத்துக்கும் தம்பிகளோடு போகிறவரும் நாலு பத்தே வாங்கிக்கொள்ளலாம், எனக்கு மறுப்பில்லை.

இப்போது வாட். 200 வாட்டுக்கும் 400 வாட்டுக்கும் வித்தியாசம் 3 டெசிபல்தான், 'கொஞ்சம் கூடியிருக்கோ' என்கிற அளவு. காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றப் பத்து மடங்கு வாட் வேண்டும். பெட்டியின் பின்னால் எழுதியிருக்கும் 500 வாட், ஸ்பீக்கருக்குள் கூம்பை ஆட்டும் கம்பிச் சுருள் கருகாமல் தாங்கும் சூடு. கூம்பு நகர இடம் இருக்கிறதா என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. ஒரு ஸ்தாயி இறங்கினால் அதே சத்தத்துக்குக் கூம்பு நாலு மடங்கு தூரம் ஓட வேண்டும், எனவே ஆழத்தில் பாதித் திறனிலேயே ஸ்பீக்கர் எல்லையைத் தொட்டுவிடலாம். ஆம்பில் பேஸ் குமிழை 6 டெசிபல் ஏற்றினால் நாலு மடங்கு திறன் கேட்கிறோம். எனவே ஒரே வாட்டுக்கு எவ்வளவு டெசிபல் தருகிறது என்ற எண்ணைக் கேளுங்கள். 94இலிருந்து 97க்குப் போவது ஆம்பை இரட்டிப்பாக்குவதற்குச் சமம், அதுவும் கரண்ட் செலவில்லாமல்.

மண்டபத்தில் கடைசி எதிரி மண்டபமே. டைல்ஸ் தரை, பளிங்குச் சுவர், ஒரு இடத்தில் நின்றால் ஈ கம்பி பூதமாகக் கேட்கும், அங்கிருந்து ஏழடி, அதாவது கால் அலை, நகர்ந்தால் ஆளே இல்லை. பெட்டி தரையில் இருந்தால் தரை அடிச்சத்தத்தை ஊக்கும், கீழே கூடான பலகை மேடை என்றால் அதுவும் சேர்ந்து ஆடும், மேல் சத்தமோ நம் முழங்காலோடு போய்விடும். கேட்கவில்லை என்று நாம் ஏற்றுவோம், பாடுகிறவர் திரும்பி முறைப்பார். ஒற்றைப் பெட்டியோடு போகிற நாளில் அதைப் பந்தியிலிருந்து எடுத்துவந்த ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் ஏற்றி, கொஞ்சம் பின்பக்கம் சாய்த்து வைத்துப் பாருங்கள், உறுமல் குறையும், விரல் சத்தம் காதுக்கு வரும், குமிழைக் குறைக்கத் தோன்றும். அதிர்ச்சியில் பெட்டி மெல்ல முன்னால் நகர்ந்துகொண்டே வரும் என்பதால் ஒரு துண்டை மடித்து அடியில் போட மறக்க வேண்டாம்.