கம்பியை இழுக்காதீர்கள்

சில மாதங்களுக்கு முன் ஒரு பின்னேரம், பதினெட்டு வயதுத் தம்பி ஒருவனை ஓட்டோவில் விபத்துப் பிரிவுக்குக் கொண்டுவந்தார்கள். மோட்டார் சைக்கிள் சறுக்கி வேலியில் மோதியதில் இரும்புக் கம்பி ஒன்று தொடையில் ஏறியிருக்கிறது. ஆனால் வந்தபோது கம்பி தொடையில் இல்லை. கூட வந்தவரின் கையில் இருந்தது.

"நான்தான் இழுத்து எடுத்தனான் டொக்டர். படத்தில அப்பிடித்தானே செய்யினம்" என்றார்.

அவரை நான் ஏசவில்லை. பயந்து ஓடாமல் நின்று உதவிய மனிதர் அவர். ஆனால் கம்பி உள்ளே இருந்தவரை, அறுந்த இரத்தக்குழாய்க்கு அதுவே அடைப்பாகவும் இருந்தது. இழுத்ததும் அடைப்புத் திறந்துகொண்டது. வளர்ந்த ஒருவரின் உடம்பில் ஓடுவது ஏறக்குறைய 5 லீற்றர் இரத்தம்தான். தொடையின் பெரிய நாடி, அதாவது இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுவரும் குழாய், அறுந்தால் சில நிமிடங்களிலேயே உயிர் போகலாம். அந்தத் தம்பி பிழைத்தது, வரும் வழியெல்லாம் இன்னொருவர் சாரத்தைச் சுருட்டிக் காயத்தில் அமுக்கிக்கொண்டே வந்ததால்தான்.

போர்ப் படங்களில் கள மருத்துவமனைக் காட்சி என்றால் குண்டை எடுக்கிற காட்சிதான். வாயில் துணியைக் கடிக்கக் கொடுப்பார்கள், சாராயத்தை ஊற்றுவார்கள், இடுக்கியால் குண்டை எடுத்துத் தட்டில் போடுவார்கள், 'டங்' என்று சத்தம் கேட்கும். காயக்காரர் கண் திறப்பார். உண்மையில் குண்டு தன்பாட்டில் உள்ளே கிடப்பதால் ஆள் இறப்பது அரிது. அது போன வழியில் கிழித்த குழாய்களும் குடலும் நுரையீரலும்தான் ஆளைக் கொல்கின்றன. அதனால் இரத்தத்தை நிறுத்துவதும் கிழிந்ததைத் தைப்பதும்தான் எங்கள் முதல் வேலை. எடுத்தால் கூடுதல் சேதம் என்று தெரிந்தால் குண்டை அப்படியே விட்டுவிடுவோம்.

2016இல் வந்த 'ஹாக்சா ரிட்ஜ்' படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். அதன் நாயகன் டெஸ்மண்ட் டாஸ் உண்மையாக வாழ்ந்த அமெரிக்க இராணுவ மருத்துவ உதவியாளர். இரண்டாம் உலகப்போரில், 1945இல் ஜப்பானின் ஒக்கினாவாத் தீவில், துப்பாக்கியைத் தொடாமலே, ஏறக்குறைய 75 காயக்காரரைச் செங்குத்தான பாறையிலிருந்து கயிற்றில் கட்டி இறக்கியவர். அவர் அங்கே சத்திரசிகிச்சை எதுவும் செய்யவில்லை. இரத்தம் போகாமல் கட்டினார், மருத்துவர் இருக்கும் இடத்துக்கு அனுப்பினார். வீதியில் விபத்தைக் காண்கிற எவருக்கும் இந்த இரண்டு வேலைகள் போதும்.

அந்தக் கட்டும் முறையிலும் படங்கள் எங்களைப் பிழையாகப் பழக்கிவிட்டன. இடுப்புப் பட்டியை உருவிக் காலில் ஒரு சுற்றுச் சுற்றினால் நாடி அடைபடாது. இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் மேலோட்டமான நாளங்கள் மட்டும் அடைபட்டு, இரத்தம் இன்னும் கூடுதலாக ஓடவும் கூடும். முதலில் சுத்தமான துணியை வைத்து, இரண்டு கையாலும் உடம்புப் பாரம் முழுவதையும் போட்டு அமுக்குங்கள். இடையில் எடுத்து எடுத்துப் பார்க்க வேண்டாம். துணி நனைந்தால் அதற்கு மேலேயே இன்னொன்றை வையுங்கள். ஏதாவது குத்தி நின்றால் அதை அசையாமல் விட்டு, அதைச் சுற்றி அமுக்குங்கள். கையிலோ காலிலோ என்ன செய்தும் இரத்தம் நிற்காவிட்டால் மட்டும், காயத்துக்கு நாலு விரல் மேலே, மூட்டில் இல்லாமல், அகலமான துணியைக் கட்டி, ஒரு தடியைச் செருகி, இரத்தம் நிற்கும்வரை முறுக்குங்கள். கட்டிய நேரத்தை எழுதிவையுங்கள். அப்புறம் அதைத் தளர்த்த வேண்டாம், அது எங்கள் வேலை.

தண்ணீரும் கொடுக்க வேண்டாம். கேட்டால் கொடுக்காமல் இருப்பது மனதுக்குக் கஷ்டம்தான். ஆனால் மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குள் போகலாம். போர்வையால் மூடுங்கள். யாழ்ப்பாணத்து வெயிலிலும் இரத்தம் போன உடம்பு குளிர்ந்துவிடும், குளிர்ந்தால் இரத்தம் உறைவதும் குறையும். இலங்கையில் இலவச அம்புலன்ஸுக்கு 1990 என்ற இலக்கத்தை அழையுங்கள்.

மின்சாரமே இல்லாத தொண்ணூறுகளில் இங்கே வேலை செய்த மூத்த தாதி ஒருவர், நான் புதிதாக வந்தபோது சொல்லித்தந்தார்: "கத்துறவரைப் பிறகு பாக்கலாம் டொக்டர். சத்தமில்லாமல் கிடக்கிறவரிட்ட முதல் போங்கோ." கத்துகிறவருக்கு மூச்சு இருக்கிறது. இரத்தம் வற்றிப்போனவருக்குப் பேசத் தெம்பு இராது. படத்தில் சாகப்போகிறவர் நீளமாக வசனம் பேசுவதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, ஓரமாக அமைதியாகக் கிடப்பவர் தூங்குவதுபோலத்தான் தெரிவார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இருமலுக்கு எக்ஸ்ரே எடுத்த அம்மா ஒருவரின் நெஞ்சில் ஷெல் துண்டு தெரிந்தது. வீட்டில்கூட ஒருவருக்கும் சொல்லவில்லையாம். "அது பேசாமல் கிடக்குது தம்பி, ஏன் எடுக்கேல்லை எண்டு ஒருத்தரும் கேக்கக்கூடாது" என்றார். எடுக்காமல் விட்டதால் ஏதோ பிழை நடந்துவிட்டது என்ற பயம் இத்தனை வருடமும் அவருக்குள் இருந்திருக்கிறது. பிழை எதுவும் இல்லை. எங்கள் ஊரில் இப்படிப் பலர் நலமாக இருக்கிறார்கள். ஆனால் பலமான காந்தத்தால் உடம்பைப் படம்பிடிக்கும் எம்ஆர்ஐ ஸ்கான் எடுக்கச் சொன்னால், படுப்பதற்கு முன்பே அங்கிருப்பவர்களிடம் இதைச் சொல்லிவிடுங்கள். அந்தக் காந்தம் சில இரும்புத் துண்டுகளை அசைக்கக்கூடியது, கண்ணுக்குள் துண்டு இருந்தால் பார்வையே போகலாம். பழைய எக்ஸ்ரே படங்கள் வீட்டில் இருந்தால் அவற்றையும் கையோடு கொண்டுவாருங்கள்.