கேமரா கண்டதையெல்லாம் சொல்லலாமா?

ஈட்டி எறிபவரின் முன்கால் தரையில் ஊன்றியதிலிருந்து ஈட்டி கையைவிட்டுப் பிரியும்வரை ஏறக்குறைய 0.12 நொடிதான் ஆகிறது. வேகமாக உருண்டுவந்த வண்டி கல்லில் முட்டி நின்றால் உள்ளே இருப்பவர் முன்னால் தூக்கி எறியப்படுவார் அல்லவா? அதேதான் இங்கும் நடக்கிறது. கால் நின்றுவிடுகிறது. ஓடிவந்த வேகம் இடுப்பு, மார்பு, தோள், முழங்கை என்று மேலேறி, 800 கிராம் எடையுள்ள ஈட்டிக்குள் போய்ச் சேர்கிறது. ஈட்டி நொடிக்கு 30 மீட்டருக்குப் பதிலாக 31 மீட்டர் வேகத்தில் பிரிந்தால், காற்றின் பங்கை ஒதுக்கிவிட்டுக் கணக்கிட்டாலும், ஏறக்குறைய 6 மீட்டர் கூடுதலாகப் பறக்கும். தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அர்ஷத் நதீமுக்கும் வெள்ளி வென்ற நீரஜ் சோப்ராவுக்கும் இடையே இருந்தது 3.52 மீட்டர்.

அந்த 0.12 நொடியைச் செம்மைப்படுத்தத்தான் கடல் கடந்து பயிற்சியாளர்கள் வருகிறார்கள். 2016-இல் போலந்தின் பிட்கோஷ்ச் நகரில் நீரஜ் 86.48 மீட்டர் எறிந்து 20 வயதுக்குட்பட்டோருக்கான உலக சாதனை படைத்தபோது, அவருக்குப் பயிற்சி அளித்தவர் ஆஸ்திரேலியரான கேரி கால்வர்ட். 2018-இல் ஜெர்மானியரான உவே ஹோன். 1984-இல் 104.80 மீட்டர் எறிந்து, ஈட்டியின் எடை மையத்தையே 4 சென்டிமீட்டர் முன்னால் நகர்த்தி வடிவமைக்கும் விதி 1986-இல் வருவதற்குக் காரணமாக இருந்தவர்களில் ஒருவர் அவர். அடுத்து, உடலியக்கத்தை இயற்பியலால் ஆராயும் பயோமெக்கானிக்ஸ் வல்லுநர் கிளாஸ் பார்டோனிட்ஸ். பிறகு, 98.48 மீட்டர் என்ற உலக சாதனையை 1996 முதல் தன் பெயரில் வைத்திருக்கும் செக் நாட்டவர் யான் ஷெலெஸ்னி.

இன்று கைபேசிச் செயலியே முழங்காலின் கோணத்தைச் சொல்லிவிடுகிறது. அப்படியிருக்க, ஒருவர் வீட்டையும் ஊரையும் விட்டு வேற்று மொழி பேசும் மைதானத்துக்குப் போய் நிற்க என்ன தேவை? பயிற்சித் தொழிலில் இருக்கும் பலரின் வயிற்றுப்பாட்டைத் தொடும் கேள்வி இது. செயலி எப்படிப் பார்க்கிறது என்பதிலிருந்து தொடங்குவதுதான் நியாயம்.

முன்பெல்லாம் ஒரு வீச்சை அளக்க நாள்கணக்கில் உட்கார வேண்டும். அதிவேகப் படச்சுருளை ஒவ்வொரு சட்டமாக (ஃபிரேமாக) நிறுத்தி, தோள் இங்கே, முழங்கை இங்கே என்று மனிதர் கையால் புள்ளி வைப்பார். இப்போது அந்தப் புள்ளிகளை, எடுத்துக்காட்டுகளைப் பார்த்துக் கற்கும் கணினி நிரலான நரம்பணு வலைப்பின்னல் வைக்கிறது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ‘ஓப்பன்போஸ்’ மென்பொருள் 2017-இல் இதைப் பரவலாக்கியது. மனிதர்கள் மூட்டுகளைக் குறித்துவைத்த ஏராளமான படங்களைப் பார்த்து மென்பொருள் கற்றுக்கொள்கிறது. புதிய படம் ஒன்றைக் கொடுத்தால், ஒவ்வொரு மூட்டுக்கும் தனித்தனியே ஒரு நிகழ்தகவு வரைபடம் வரைகிறது: இந்த இடத்தில் முழங்கை இருக்க இவ்வளவு வாய்ப்பு, பக்கத்தில் இவ்வளவு என்று. வாய்ப்பு உச்சமாக இருக்கும் இடத்தில் புள்ளி விழுகிறது. ஆக, இந்தப் புள்ளிகளை இணைத்துத் திரையில் நாம் காணும் எலும்புக்கூடு கண்டறிந்த ஒன்றல்ல, மிக நல்ல ஊகம். இரண்டு கேமராக்களை வேறுவேறு கோணங்களில் வைத்தால், இரு பார்வைக் கோடுகளும் சந்திக்கும் இடத்தைக் கணக்கிட்டு முப்பரிமாண நிலையைப் பெறலாம்.

எந்த ஊகத்துக்கும் எல்லை உண்டு. நொடிக்கு 30 சட்டங்கள் எடுக்கும் சாதாரண காணொளியில் அந்த 0.12 நொடிக்குள் நான்கு படங்கள்கூட முழுதாகக் கிடைக்காது. கையைவிட்டுப் பிரியும் வேளையில், ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஈட்டி 1 மீட்டர் போயிருக்கும். 240 சட்டங்கள் எடுத்தால் 29 படங்கள் கிடைக்கும், பரவாயில்லை. ஆனால் கற்பித்த படங்களில் பெரும்பாலானவை நடக்கும், உட்காரும், தெருவில் நிற்கும் மனிதர்களின் படங்கள். உடல் வில்லாக வளைந்து, எறியும் கை தலைக்குப் பின்னால் மறையும் அந்தத் தோரணை அவற்றில் அரிது. முழங்கைப் புள்ளி 2 சென்டிமீட்டர் விலகி விழுந்தால்கூட, 25 சென்டிமீட்டர் நீள முன்கையில் அது நான்கைந்து பாகைப் பிழையாகிவிடும். நிலையிலிருந்து வேகத்தையும், வேகத்திலிருந்து முடுக்கத்தையும் கணக்கிடும்போது ஒவ்வொரு படியிலும் பிழை பெருகும். திரையோ ‘158.3 பாகை’ என்று தசமப் புள்ளியோடு காட்டும். அந்தத் தசமத்தை நம்பிப் பதினெட்டு வயதுப் பிள்ளையின் வீச்சை மாற்றுவது எனக்குப் பெருந்தவறாகவே படுகிறது.

சரி, பிழை நாளைக்கே குறைந்துவிடும் என்று வைத்துக்கொள்வோம். குறையத்தான் போகிறது. எண் முற்றிலும் சரியாகவே இருக்கட்டும். அதை எப்போது சொல்வது?

1990-இல் கரோலி வின்ஸ்டீனும் ரிச்சர்ட் ஷ்மிட்டும் நடத்திய சோதனைகளை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். நெம்புகோல் ஒன்றைக் குறிப்பிட்ட விதத்தில் அசைக்கப் பழக வேண்டும். ஒரு குழுவினருக்கு ஒவ்வொரு முயற்சியின் முடிவிலும் பிழை எவ்வளவு என்று சொன்னார்கள். இன்னொரு குழுவினருக்குப் பாதி முயற்சிகளுக்கு மட்டுமே, அதையும் நாளாக ஆகக் குறைத்துக்கொண்டே சொன்னார்கள். அடுத்த நாள் யாருக்கும் எதுவும் சொல்லாமல் சோதித்தபோது, குறைவாகக் கேட்டவர்களே நன்றாகச் செய்தார்கள். அதே ஆண்டு ஸ்டீபன் ஸ்வின்னனும் உடனிருந்தோரும் இன்னொன்றைக் காட்டினார்கள். முயற்சி முடிந்த கணமே முடிவைச் சொல்வதைவிட, சில நொடிகள் தாழ்த்திச் சொல்வதும், அதற்குள் கற்பவரையே தன் பிழையை மதிப்பிடச் சொல்வதும் கற்றலுக்கு நல்லது.

இதற்கான விளக்கம் எளியது. வீச்சு முடிந்ததும் உடலுக்குள் ஒரு செய்தி எஞ்சியிருக்கிறது. தசைநாரின் இழுவை, மூட்டின் நிலை, பாதத்தின் அழுத்தம் எல்லாம் சேர்ந்த உணர்வு அது. அதைத் தூரத்தோடு ஒப்பிட்டுத்தான் மூளை அடுத்த வீச்சைத் திருத்துகிறது. வெளியிலிருந்து எண் உடனே வந்துவிட்டால், உள்ளே தேட வேண்டிய வேலை இல்லாமல் போகிறது. பழகும்போது முன்னேற்றம் தெரியும். எண் சொல்ல ஆளில்லாத போட்டி மைதானத்தில் கை தடுமாறும். இந்த விளைவு எவ்வளவு பெரியது என்பதில் அண்மைக் காலத்தில் ஆய்வாளர்களிடையே விவாதம் இருக்கிறது. ஆனாலும், ஒவ்வொரு வீச்சுக்கும் நொடியில் பத்து எண்களைக் கொட்டும் செயலியைப் பார்க்கும்போது, பேசாமல் நிற்கத் தெரிந்த பயிற்சியாளரின் மதிப்பு எனக்கு இன்னும் கூடுகிறது.

எந்தச் சொல்லால் சொல்வது என்பது அதைவிடச் சிக்கல். கேப்ரியல் உல்ஃபும் சக ஆய்வாளர்களும் 1998-இல், பனிச்சறுக்கைப் போல இடவலமாக அசையும் ஒரு கருவியில் ஆட்களை ஏற்றினார்கள். சிலரிடம் கால்களின் அழுத்தத்தைக் கவனிக்கச் சொன்னார்கள். மற்றவர்களிடம் கால்களுக்கு நேர் கீழே இருந்த சக்கரங்களின் அழுத்தத்தைக் கவனிக்கச் சொன்னார்கள். விசை ஒன்றுதான், இடமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். சக்கரத்தை நினைத்தவர்களே நன்றாகக் கற்றார்கள். சொந்த உறுப்பின் மீது கவனம் போனால், தானாக ஓடும் இயக்கத்தில் நனவு மனம் கைவைத்துக் குழப்பிவிடுகிறது என்பது உல்ஃப் தரும் விளக்கம்.

செயலி தருவதோ உறுப்பின் எண்ணைத்தான்: ‘முன்கால் முழங்கால் 158 பாகைக்கு மடங்கியது.’ இதை அப்படியே சொன்னால் வீரர் முழங்காலையே நினைத்துக்கொண்டு ஓடிவருவார். பயிற்சியாளர் அதை ஒரு காட்சியாக மாற்ற வேண்டும். ‘கல்லில் முட்டிய வண்டி’ என்று சொல்லலாம். வண்டியில் போய்ப் பழகிய கிராமத்துப் பையனுக்கு ஒரே சொல்லில் உடம்பு புரிந்துகொள்ளும். கேட்பவர் அனுபவத்தில் இல்லாத காட்சியை எடுத்துச் சொன்னால் அது வெறும் சொல்லாகவே நின்றுவிடும். வெளிநாட்டிலிருந்து வந்தவருக்கு இந்த ஊரின் வண்டியும் சாட்டையும் கவணும் முதலில் தெரியாது. மாதக்கணக்கில் அந்த மண்ணில் இருந்து, பிள்ளைகள் எதை விளையாடி வளர்ந்தார்கள் என்று பார்த்துத்தான் அவர் தன் சொற்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மொழிபெயர்ப்புச் செயலி இங்கே கொஞ்சம் கைகொடுக்கும். பேச்சை எழுத்தாக்கி, எழுத்தை மொழிமாற்றி, மறுபடி பேச்சாக்கிக் கொடுக்கிறது. அதன் இடர் வாக்கிய அமைப்பில் இருக்கிறது. தமிழில் ‘முழங்கையை இறக்க’ என்பதுவரை கேட்டால், இறக்கச் சொல்கிறாரா வேண்டாம் என்கிறாரா என்று தெரியாது. ‘வேண்டும்’ அல்லது ‘வேண்டாம்’ என்ற கடைசிச் சொல் வந்தாக வேண்டும். ஜெர்மன் மொழியிலும் மறுப்புச் சொல் பல வாக்கியங்களில் கடைசியில்தான் வரும். எனவே கருவி காத்திருக்க வேண்டும், அல்லது ஊகிக்க வேண்டும். காத்திருப்பது நல்லது. வீரர் தன் உடலைத் தானே கேட்டுக்கொள்ள அந்தச் சில நொடிகள் பயன்படும். ஆனால் ‘கல்லில் முட்டிய வண்டி’யை அது சாலை விபத்தாக மொழிபெயர்த்துவிட்டால் என்ன செய்வது?

கேமராவுக்கு எட்டாத இன்னொரு பகுதி முழங்கையின் உட்புறம். மூட்டு எங்கே போனது என்பது படத்தில் தெரியும். அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு மூட்டில் எவ்வளவு திருப்புவிசை விழுந்தது என்று மதிப்பிடவும் முடியும். அந்த விசையைத் தாங்கும் தசைநார் இன்று எந்த நிலையில் இருக்கிறது என்பது எந்தப் படத்திலும் பதியாது. காலையில் பையைத் தூக்கும்போது கை மாறியதா, ஓடுதளத்துக்கு வரும் நடையில் தயக்கம் இருந்ததா, ‘வலியில்லை’ என்று சொன்ன குரல் நேற்றையதைப் போல இருந்ததா என்று பக்கத்தில் இருப்பவர்தான் பார்க்க முடியும்.

2019 மே மாதம் நீரஜுக்கு எறியும் கையின் முழங்கையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. அந்த ஆண்டு தோஹாவில் நடந்த உலகப் போட்டிக்கு அவர் போகவில்லை. பின்னர் பார்டோனிட்ஸுடன் தென்னாப்பிரிக்காவில் பயிற்சி. 2020 ஜனவரி 28 அன்று போட்செஃப்ஸ்ட்ரூம் நகரில், சில நூறு பேர்கூட அறியாத ஒரு சிறு போட்டி. ஒலிம்பிக் தகுதிக்கு 85 மீட்டர் வேண்டும். நான்காவது வீச்சில் ஈட்டி 87.86 மீட்டரில் போய்க் குத்தி நின்றது.