வான் நின்றால் நிற்கட்டும், முதலில் பிரேக்கைப் பாருங்கள்

“இடையில வான் நிண்டிட்டா என்ன செய்யிறது அண்ணே?” வானுக்குள் படுக்கை அடித்து, அடுப்பு வைத்து, திருகோணமலைப் பக்கம் நிலாவெளி, குச்சவெளி என்று கிளம்புகிறவர்கள் எங்கள் கராஜில் கேட்கும் முதல் கேள்வி இது. நின்றால் நிற்கட்டும் என்பதுதான் என் பதில். கும்புறுப்பிட்டியில் நின்றுபோன வானால் ஒரு பொழுது கெடும், கொஞ்சம் காசு போகும். நான் பயப்படுவது வேறு நாலு விஷயங்களுக்கு: கறள் தின்ற பிரேக் குழாய், இரவு முழுக்க ஓடவிட்ட இஞ்சின், கசியும் காஸ் ஹோஸ், மணலில் நட்டு வானைத் தூக்கிய ஜக். வீட்டில் வாகன வேலை பழகுகிறவர்கள் இந்த நாலில் கை வைத்துத்தான் தொடங்க வேண்டும். யூடியூப் பார்த்துவிட்டு வரும் தம்பிமாரோ இஞ்சினுக்கு எரிபொருள் விசிறும் இஞ்செக்டரில் தொடங்குகிறார்கள்.

பழகுவதில் எனக்கு மறுப்பில்லை, எங்கள் பிழைப்பும் அதனால் கெடாது. 2020 இல் நிறுத்திய வாகன இறக்குமதி தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய ‘டொல்பின்’ ஹையேஸ் வான்களையே தட்டி நிமிர்த்தி ஓடினோம், இன்றும் ஓடுகிறோம். அந்த வயது வானை வைத்திருப்பவருக்கு அதன் அடிப்பாகம் தெரிந்திருக்க வேண்டும். கடற்கரைக்குப் போகும் வான் மேலே பளபளத்துக்கொண்டு கீழேதான் சாகும்.

உப்பு ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். பகல் வெயிலில் காய்ந்ததுபோல இருக்கும் அடித்தகடு இரவில் மறுபடி நனையும். இரண்டு நாள் கடலோரம் நின்ற வானை வீட்டுக்குக் கொண்டுவந்து கதவையும் கண்ணாடியையும் துடைத்துவிட்டுப் போர்த்து மூடுகிறவர்கள் நிறையப் பேர். துடைக்காமல் விட்டாலும் பரவாயில்லை, கீழே தண்ணீர் அடியுங்கள். சில்லு வளைவுகள், வானைத் தாங்கும் அடிச்சட்டமான சசியின் உட்பக்கம், பின் அக்சில், எல்லாவற்றுக்கும். கரையோரக் கிணறுகள் பலவற்றில் உவர் ஏறியிருக்கும், அதனால் குழாய்த் தண்ணீர்தான் நல்லது. கழிவு ஒயிலை அடியில் விசிறும் பழக்கம் எங்கள் பக்கம் இன்னும் இருக்கிறது. அது ரப்பர் புஷ்களை ஊதவைக்கும், ஒழுகி நிலத்தையும் கெடுக்கும். கறளைச் சுரண்டாமல் மேலே கறுப்புப் பூச்சு அடிப்பதும் பிழை, கறள் உள்ளே இருந்தபடி தின்னும்.

வானின் அடியில் டோர்ச் அடித்துப் பார்க்கும்போது பிரேக் குழாய்களைத் தேடுங்கள். சசியோடு ஓடும் மெல்லிய இரும்புக் குழாய்கள் அவை. கிளிப் பிடித்திருக்கும் இடங்களில்தான் மண்ணும் உப்பும் தங்கும், குழாய் முதலில் உதிர்வதும் அங்கேதான். குழாய் செதில் செதிலாகக் கிளம்பியிருந்தால் அந்த வான் பயணத்துக்கு இல்லை. பிறகு இஞ்சினை ஓடவிட்டு, பிரேக் பெடலை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். கால் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிகிறது, அல்லது பெடல் அழுத்தத்தை ஒயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது. பிரேக் பிடிக்கும்போது வான் ஒரு பக்கம் இழுத்தால், சில்லில் பிரேக்கை நெருக்கிப் பிடிக்கும் கலிப்பரின் பின் உப்பில் இறுகியிருக்கலாம். இவ்வளவையும் கண்டுபிடிப்பது உங்கள் வேலை. திருத்துவதைப் பழக்கப்பட்ட கையிடம் விடுங்கள். பிரேக்கில் பாதி தெரிந்தவரைவிட ஒன்றும் தெரியாதவர் பாதுகாப்பானவர், அவர் கழற்றமாட்டாரே.

பிரேக் ஒயிலையும் சொல்ல வேண்டும். அது காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். டொட் 3 வகைக்குத் தரப்படி கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியஸ், ஈரம் ஏறிய பிறகு 140. டொட் 4 க்கு 230 உம் 155 உம். திருகோணமலையின் சமவீதியில் இந்த வித்தியாசம் தெரியாது. இங்கே ஒரு கிழமை நின்ற வான் அடுத்த லீவுக்கு நுவரெலியா போய், இறக்கத்தில் விடாமல் பிரேக் மிதிக்கும்போதுதான் தெரியும்: ஒயில் கொதித்து, குழாய்க்குள் ஆவி நிரம்பி, பெடல் வெறுமையாக இறங்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

இனி இரவு. ஜூன், ஜூலையில் சூடான கச்சான் காற்று அடிக்கும்போது உப்புவெளியில் வீட்டுக்குள்ளேயே படுக்க முடியாது, தகர வானுக்குள் எப்படிப் படுப்பது? அதனால் ஏசிக்காக இஞ்சினை ஓடவிட்டுத் தூங்குகிறார்கள். இதைப் பற்றி நான் எவரோடும் சண்டை பிடிப்பேன். புகையிலுள்ள கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பழைய வானில் சைலன்சர் மூட்டு ஒன்று வெடித்திருந்தாலோ, குழாய் வாய் மணல் மேட்டை முட்டி நின்றாலோ, புகை தரை ஓட்டைகளாலும் பின்கதவு ரப்பராலும் உள்ளே ஏறும். தலையிடி, குமட்டல், தூக்கம் என்று வரும். தூங்கிக்கொண்டிருப்பவருக்கு அதுவும் தெரியாது. மழைக்காகக் கரி அடுப்பை வானுக்குள் எடுத்து வைப்பதும் இதே கதைதான். ஜன்னலுக்கு வலை அடித்து, கூரையில் சின்ன ஃபேன் ஒன்று பூட்டுங்கள். அதற்கு மேலும் வேர்த்தால் வேர்க்கட்டும்.

காஸைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, 2021 கடைசியில் நாடு முழுக்க அடுப்புகள் வெடித்ததை யாரும் மறக்கவில்லை. வானுக்கு ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்பி காஸ் காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் தரையில் படியும், படுக்கைக்குக் கீழே நிறையும். மேல் ஜன்னல் திறந்திருப்பதால் அது போய்விடாது. சிலிண்டர் வைக்கும் பெட்டியின் அடியில் வெளியே போகிற துளை வேண்டும். ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் மூட்டுகளில் சவர்க்கார நுரை தடவிப் பாருங்கள்.

ஃப்ரிட்ஜையும் ஃபேனையும் இஞ்சின் பற்றரியிலேயே கொடுக்கிறவர்களுக்குக் காலையில் ஸ்டார்ட் வராது. இரண்டாவது பற்றரி போடுங்கள், அதன் பொசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போடுங்கள். ஃபியூஸ் இல்லாத வயர் எங்காவது தகரத்தில் உரசினால் படுக்கை மெத்தைதான் முதலில் எரியும். மல்டிமீட்டர் வாங்குவது பெரிய செலவில்லை: இஞ்சின் நின்று ஆறிய பற்றரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைவு, 12 க்குப் பக்கத்தில் வந்தால் கிட்டத்தட்ட வெறுமை.

டயர் மாற்றத் தெரியும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். வீட்டு வாசலில் தெரிவது அரிசிமலைக் கடற்கரையில் தெரியாது. அங்கே மணல் பெயருக்கு ஏற்றபடி அரிசிமணி பருமன், ஜக் நேரே கீழே போகும். தடித்த பலகைத் துண்டு ஒன்று வானில் இருக்கட்டும். வானைக் கெட்டித் தரைக்குக் கொண்டுவந்து, எதிர்ச் சில்லுக்குக் கட்டை வைத்து, சில்லு நிலத்தில் இருக்கும்போதே நட்டுகளைத் தளர்த்தி, பிறகுதான் தூக்க வேண்டும். ஜக் மட்டும் தாங்கும் வானுக்குக் கீழே தலை போகக்கூடாது. தலை மட்டுமல்ல, கையும்தான். இன்னொன்று, ஹையேஸ் வைத்திருப்பவர்கள் கவனிக்க: ஸ்டெப்னி பின்னுக்கு அடியில் சங்கிலியில் தொங்கும். அந்தச் சங்கிலியும் சுற்றும் திருகும் உப்பில் இறுகிவிட்டால் டயர் இருந்தும் இல்லாதது மாதிரித்தான். வீட்டிலேயே ஒருமுறை இறக்கி, கிரீஸ் போட்டு, ஏற்றிப் பாருங்கள். ஸ்டெப்னியின் வயதையும் அப்போதே பார்க்கலாம். பக்கவாட்டில் கடைசி நாலு இலக்கம் 2316 என்றால் 2016 ஆம் ஆண்டின் 23 ஆம் கிழமையில் செய்தது. தேயாத பட்டன் (டயரின் வெட்டு) எவ்வளவு இருந்தாலும் அதை நம்பாதீர்கள்.

மணலுக்குள் இறங்கவே வேண்டாம் என்பது என் கட்சி. இறங்கித்தான் ஆக வேண்டுமென்றால் காற்றை 20 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கி, மெல்ல ஓடி, தார் வீதிக்கு ஏறமுன் மறுபடி அடியுங்கள். அடிக்கப் பம்ப் இல்லாதவர் இறக்கக்கூடாது.

ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்காதீர்கள். இருக்கை கழற்றுவது, கூரை வெட்டுவது போன்ற மாற்றங்களுக்கு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் முதலில் விசாரியுங்கள், இன்சூரன்ஸ்காரருக்கும் அறிவியுங்கள். கொழும்புப் பக்கமிருந்து வருகிறவர்கள் ஹபரணை, கந்தளாய் வீதியில் இரவு ஓட்டத்தைத் தவிருங்கள். அங்கே யானை வீதிக்கு வரும், வானைத் திருத்த இறங்கி நிற்கும் இடமில்லை அது.

ஒக்டோபரில் மாரி கிட்டும்போது நம் பக்கக் கடல் கொந்தளிக்கத் தொடங்கும், வான்களும் வீட்டுக்கு வந்துவிடும். அப்போது அடியைக் கழுவி நன்றாகக் காயவிடுங்கள். காஸ் சிலிண்டரை வானிலிருந்து இறக்கி வையுங்கள், பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். ஹேண்ட்பிரேக்கை இழுக்காமல், சில்லுக்குக் கட்டை வைத்து நிறுத்துங்கள். மாதக்கணக்கில் இழுத்தபடி நின்றால் பின் பிரேக் லைனர் கறளோடு டிரம்மில் ஒட்டிக்கொள்ளும். வாகனம் அசையவில்லை என்று அக்சிலரேட்டரை மிதித்து லைனரைக் கிழித்தவர்கள் ஒவ்வொரு சித்திரைக்கும் கராஜுக்கு வருகிறார்கள்.