அடிதடிப் படத்தில் காதல் ஏன் இவ்வளவு இனிக்கிறது?

திருகோணமலையில் கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் அந்த மலையின் பாறைப் பிளவான இராவணன் வெட்டை எட்டிப் பார்க்காமல் திரும்புவதில்லை. கீழே பாறையில் அலை மோதும். கம்பியைப் பிடித்த கை வியர்க்கும், நெஞ்சு படபடக்கும். காதலன் கப்பலேறிப் போவதைப் பார்த்து ஒல்லாந்தப் பெண்ணொருத்தி குதித்தாள் என்ற கதையும் இதே மலையைப் பற்றியதுதான்.

1974இல் டொனால்ட் டட்டன், ஆர்தர் ஏரன் என்ற உளவியலாளர்கள் கனடாவின் கப்பிலானோ தொங்குபாலத்தில் ஒரு சோதனை செய்தார்கள். 230 அடி உயரத்தில் ஆடுகிற பாலம். அதில் வந்த ஆண்களிடம் ஓர் இளம்பெண் சில கேள்விகள் கேட்டுவிட்டுத் தன் தொலைபேசி எண்ணைக் கொடுத்தாள். வாங்கிய 18 பேரில் 9 பேர் பிறகு அவளை அழைத்தார்கள். தாழ்வான, ஆடாத பாலத்தில் வாங்கிய 16 பேரில் 2 பேர்தான் அழைத்தார்கள். பயத்தில் அடித்த நெஞ்சை அவளுக்காக அடித்ததாக எடுத்துக்கொண்டார்கள் என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

1993இல் வந்த 'ட்ரூ ரொமான்ஸ்' என்ற அமெரிக்க அடிதடிக் காதல் படத்தை எத்தனை தரம் பார்த்தேன் என்று கணக்கில்லை. தியேட்டரில் பெரிதாக ஓடாத படம். பிறகு வீட்டில் பார்த்தவர்கள்தான் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். கிளாரன்சும் அலபாமாவும் ஒரே இரவில் காதலித்து, அடுத்த நாளே கல்யாணம் கட்டி, ஒரு பெட்டி போதைப்பொருளோடு ஓடுகிறார்கள். மோட்டல் அறையில் அடியாள் ஒருவன் அலபாமாவைப் போட்டு அடிக்கும் காட்சியில் மணிக்கட்டில் விரல் வைத்துப் பாருங்கள். காட்சி முடிந்து கிளாரன்ஸ் அவளைத் தூக்கிக்கொண்டு போகும்போதும் நாடி ஓடிக்கொண்டே இருக்கும்.

சூட்சுமம் அங்கேதான். காட்சி மாறியதும் மனம் மாறிவிடும். உடம்பு அவ்வளவு சீக்கிரம் இறங்காது. சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பிகள் விட்ட அட்ரினலின் அடங்கச் சில நிமிடமாவது வேண்டும். மிச்சமிருக்கும் அந்தப் படபடப்பு அடுத்து வருகிற உணர்ச்சியில் ஏறிக்கொள்ளும் என்று டால்ஃப் ஸில்மன் என்ற ஆய்வாளர் விளக்கினார். அடிக்குப் பிறகு வருகிற அணைப்பு சாதாரண அணைப்பாக இல்லாமல் போவது இதனால்தான்.

ஆனால் படபடப்பு மட்டும் போதாது. 1981இல் கிரிகரி வைட்டும் கூட்டாளிகளும் ஆண்களை நின்ற இடத்திலேயே ஓடவிட்டு, பிறகு ஒரு பெண் அழகாகவோ அழகில்லாமலோ தோன்றும் வீடியோவைக் காட்டினார்கள். அழகாகத் தெரிந்தவள் இன்னும் அழகானாள். அழகில்லாமல் வந்தவள் இன்னும் பிடிக்காமல் போனாள். முதலில் ஆளைப் பிடிக்க வேண்டும். அதனால்தான் இந்தப் படம் துப்பாக்கியை எடுக்குமுன் இருவரையும் ஒரு கடையில் உட்காரவைத்து, ஆறுதலாகப் பேசவிடுகிறது. இயக்குநர் டோனி ஸ்காட்டே அவர்கள்மேல் பாசம் வைத்துவிட்டார். டரான்டினோவின் திரைக்கதையில் செத்துப்போகும் கிளாரன்ஸைப் படத்தில் பிழைக்க வைத்தார். இசையமைப்பாளர் ஹான்ஸ் ஸிம்மர் அந்தக் கொலைகளுக்கு நடுவே மரிம்பாவை வாசிக்க விட்டிருக்கிறார். மரக்கட்டையைத் தட்டி எழுப்பும் அந்தச் சத்தம் குழந்தைப் பாட்டு மாதிரி இருக்கும்.

இன்னொன்றும் வேண்டும்: இது திரைதான், நமக்கொன்றும் ஆகாது என்ற நிச்சயம். அது எல்லோருக்கும் ஒரே மாதிரி வாய்ப்பதில்லை. திருகோணமலையில் யுத்த காலத்தைக் கடந்து வந்த என் அம்மாவுக்கு வெடிச்சத்தம் வெறும் படச்சத்தம் இல்லை. அவருடைய உடம்பில் அந்தப் படபடப்பு காதலாக மாறுவதில்லை, பழைய பயமாகவே நின்றுவிடுகிறது. முதல் வேட்டிலேயே எழுந்து குசினிக்குப் போய்விடுவார். கடைசியில் கடற்கரைக் காட்சிக்கு மரிம்பா தொடங்கும்போதுதான் வாசலில் வந்து நின்று, "முடிஞ்சுதா பிள்ளை? ரெண்டு பேரும் இருக்கினமோ?" என்று கேட்பார்.